போடிமெட்டு ஏற்றமும் நின்றுபோகும் கார்களும்

தேனி மாவட்டத்தின் சிலமலைப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் வண்டிகள் போடிநாயக்கனூர், முந்தல் வழியாக 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டை அடைகின்றன. கார்புரேட்டர் காலத்து அம்பாசிடருக்கு இத்தகைய ஏற்றம் கடும் சோதனை. தாழ்ந்த கியரில் ஊர்ந்தால் எஞ்சின் கொதிக்கும், காற்றோட்டமோ குறைவு. எஞ்சினோடு பொருத்திய பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைக்க, வண்டி நின்றுவிடும். பானெட்டைத் திறந்து, பம்பின்மேல் ஈரத்துணி போர்த்திக் காத்திருப்பதே கைவைத்தியம். அது பெரும்பாலும் பலித்தது. ஆனால் சூடேறிப் பழுதான இக்னிஷன் காயிலும் ஆறினால் மீண்டும் வேலை செய்யும். ஆகவே பிளக்கில் தீப்பொறி வருகிறதா என்று பார்க்காமல் பெட்ரோலைக் குறைசொல்வது அவசரம்தான். 2000-ஐ ஒட்டிப் புகைக்கட்டுப்பாடு இறுகியதும் எரிபொருள் ஊசிமுறை பரவியது. டேங்குக்குள் இருக்கும் மின்பம்பு அழுத்தத்தோடு பெட்ரோலைத் தள்ளுவதால் ஆவியடைப்பு அரிதாயிற்று. இப்போது சூட்டில் வண்டி நின்றால் முதலில் பார்க்கவேண்டியவை அந்தப் பம்பும் கிராங்க் சென்சாரும்.