சப்ரகமுவத் தோட்டங்களில் நீர்விசையும் அகழ்ந்த நிலமும்

சிவனொளிபாத மலைச் சரிவுகளில் பெய்யும் மழை ஒருபுறம் களுகங்கையாகவும் மறுபுறம் களனியாகவும் இறங்குகின்றது. இவ்விரு நதிகளுக்கும் நீரூட்டும் ஓடைகளின் மருங்கிலேயே இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் பல எழுந்தன. அவ்வோடைகளின் விசையை முதலிற் பயன்கொண்டது அரசாங்கமன்று, தோட்டத் துரைமாரே. ஓடையைச் சிற்றணையால் மறித்து, வாய்க்கால் வழியே குன்றின் விளிம்புக்குக் கொணர்ந்து, இரும்புக் குழாயினூடே கீழே பாய்ச்சிச் சக்கரத்தைச் சுழற்றினர். அச்சுழற்சி கொழுந்து உருட்டும் இயந்திரங்களை இயக்கியது. பின்னர் மின்பிறப்பாக்கியையும் இயக்கியது. மலையகத்தில் இத்தகைய அமைப்புகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. தொழிற்சாலையிலும் துரையின் பங்களாவிலும் மின்விளக்கு எரிந்தது. லயன்களிலோ மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கே எரிந்தது.

நீர்விசையை நாட்டின் பொதுச் செல்வமாகக் கண்டவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர ஆவார். கெஹெல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா ஆகியவற்றின் வீழ்ச்சிகொண்டு மின்னாக்கலாம் என 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் வாசித்த கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டினார். 1924இல் தொடங்கிய வேலை 1927இல் நின்றது. சேவையிலிருந்து விலகிய அவர் 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவானது இரத்தினபுரித் தொகுதியிலிருந்தே. சர்வசன வாக்குரிமையின்கீழ் நடந்த முதற்றேர்தல் அது. தோட்டத் தொழிலாளருள் ஒரு பகுதியினரும் அந்த வாக்குரிமையைப் பெற்றிருந்தனர். லக்சபான மின்னிலையம் இறுதியில் இயங்கத் தொடங்கியது 1950இல். அதற்குள் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அதனையடுத்து வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்ட மக்களுட் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பினின்றும் அகற்றிவிட்டன. இவை ஒரே நோக்கத்தின் விளைவுகள் அல்ல. எனினும், மின்கம்பிகள் தோட்டங்களைக் கடந்து கொழும்பை நோக்கிச் சென்றபோது, ‘எமக்கும் ஒரு விளக்கு’ எனச் சபையிற் கேட்பதற்கு அம்மக்களிடம் வாக்குப் பலம் இருக்கவில்லை.

தேசிய வலையமைப்பின் மின்சாரம் எட்டியதும் தோட்டங்களின் சிறு சக்கரங்கள் கைவிடப்பட்டன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையானபோது துருவேறிய குழாய்களும் அரசுடைமையாயின எனலாம்! 1990களின் பிற்பகுதியிலேயே நிலை மாறியது. 10 மெகாவாட்டுக்கு மேற்படாத நிலையங்களின் மின்சாரத்தை இலங்கை மின்சார சபை பொதுவான ஒப்பந்த அடிப்படையில் வாங்கலாயிற்று; உலக வங்கியின் கடனுதவியும் கிடைத்தது. குருவிட்டைக்கு மேலுள்ள எரத்னை உட்பட இரத்தினபுரி, கேகாலை ஓடைகள் பல மீண்டும் சக்கரஞ் சுழற்றின. 2007இல் இத்துறைக்கென நிலைபேறான வலு அதிகாரசபை அமைந்தது. ஆயினும் அணைக்கும் மின்னிலையத்துக்கும் இடைப்பட்ட ஓடை வறட்சிக் காலத்தில் வற்றுகின்றது. லயன் பெண்கள் குளித்துத் துவைக்கும் துறையும் அவ்விடையில் அமைந்துவிட்டால், மின்னலகின் விலையில் சேராத ஒரு செலவு அங்கே எழுகின்றது.

நீருக்கு நேர்ந்ததைப் போன்றதொன்று நிலத்துக்கும் நேர்ந்தது. ‘இல்லம்’ எனும் கூழாங்கற் படையைத் தேடி அகழ்ந்து கைவிட்ட குழிகளில் மழைநீர் தேங்கி நுளம்பு பெருகும். கல் அரித்த சேறு ஆற்றைக் கலக்கும். 1970களில் அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனமும், 1993ஆம் ஆண்டின் சட்டத்தால் அதன் இடத்தில் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையும் தோன்றின. அகழ்வோர் வைப்புப் பணம் கட்டவேண்டும். குழியை நிரப்பினால் அது மீளக் கிடைக்கும். ஆனால் மேல்மண்ணை வேறாகக் குவித்துவைத்து மீண்டும் மேலே பரப்பாவிடின், நிரம்பிய குழியின் முகத்திற் கிடப்பது சரளையே. அதில் தேயிலைக் கன்று எளிதில் தேறாது.

சீமைக்கிளுவை அத்தகைய வறிய மண்ணிலும் வேர்கொள்ளும். 2005இல் அரசாங்கம் அதனைத் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராகப் பிரகடனஞ் செய்தது. விறகிலிருந்து மின்னாக்குதலே அதன் நோக்கம். மின்னிலையம் இல்லாவிடினும் தோட்டத்துக்கு அது பயன்தரும். அதன் தழை மண்ணுக்கு நைதரசன் ஊட்டும். கொம்பு கொழுந்து உலர்த்தும் உலைக்கு ஆகும். லயன்களின் அடுப்புகளிலும் எரிவது பெரும்பாலும் விறகே.