நன்கொடை, கட்டணம், கடன்: தனியார் கல்லூரியின் விலைக்கு வாய்த்த மூன்று பெயர்கள்

1991ஆம் ஆண்டு, உத்தரப் பிரதேசத்தின் மீரட்டைச் சேர்ந்த மாணவி ஒருவர் கர்நாடகத்தின் தும்கூரில் இயங்கிய தனியார் மருத்துவக் கல்லூரியொன்றில் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு விண்ணப்பித்தார். முதலாண்டுக் கட்டணமாக 60,000 ரூபாயும், எஞ்சிய ஆண்டுகளுக்கு வங்கி உத்தரவாதமும் கோரப்பட்டன. அத்தொகை தம் சக்திக்கு அப்பாற்பட்டது என்று தந்தை தெரிவித்தார். மாணவிக்கு இடம் கிடைக்கவில்லை. 1989ஆம் ஆண்டின் கர்நாடக அரசாணைப்படி, தனியார் மருத்துவக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு மாணவர் ஆண்டுக்கு 2,000 ரூபாய் செலுத்தினால் போதும். ஏனைய கர்நாடக மாணவருக்கு உச்சவரம்பு 25,000 ரூபாய். வெளிமாநிலத்தவருக்கு 60,000 ரூபாய். வகுப்பறை ஒன்று, ஆசிரியர் ஒருவர், பட்டம் ஒன்று. விலை மட்டும் மூன்று.

அவ்வழக்கே ‘மோகினி ஜெயின் எதிர் கர்நாடக அரசு’ என்று சட்ட மாணவர் அனைவரும் படிக்கும் வழக்காயிற்று. 1992 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையிலிருந்தே பிறப்பது என்றும், கேபிடேஷன் கட்டணம் கல்வியை விற்பதற்கு ஒப்பானது என்றும் தீர்ப்பளித்தது. ஆயினும் வழக்குத் தொடுத்த மாணவிக்கு அக்கல்லூரியில் இடம் வழங்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. அவர் தகுதி அடிப்படையில் தேர்வானவர் அல்லர் என்பதும், வகுப்புகள் முன்னரே தொடங்கிவிட்டன என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள்.

இந்த விலையின் வரலாற்றை அதன் பெயர்களின் வழியாகவும் வாசிக்கலாம். ‘கேபிடேஷன்’ என்பது தலையைக் குறிக்கும் ‘கபுட்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தலைவரி என்பதே அதன் பழம்பொருள். பின்னாளில் அது தலைக்கு இவ்வளவு என நிறுவனங்களுக்கு வழங்கப்படும் தொகையையும் குறித்தது. இந்தியாவில் அத்தொகையைச் செலுத்தும் பொறுப்பு மாணவரின் குடும்பத்தின் மீது விழுந்தது. 1953இல் டி.எம்.ஏ. பை மணிப்பாலில் நிறுவிய கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி, மாணவரிடம் பெறும் தொகையைக் கொண்டு தொழிற்கல்வி நிறுவனம் ஒன்றை நடத்த முடியும் என்பதைக் காட்டியது. அரசுக் கல்லூரிகளின் இடங்கள் தேவையைவிட மிகக் குறைவாக இருந்த காலம் அது.

பேச்சு வழக்கில் இத்தொகை ‘டொனேஷன்’ எனப்பட்டது, தமிழில் ‘நன்கொடை’. கொடை என்பது கைம்மாறு கருதாதது. கொடுத்தவர் அதற்கு ஈடாக என்ன கிடைத்தது என்று கேட்பது அச்சொல்லின் பொருளுக்கே முரண். ரசீதைக் கேட்க இயலாது. பக்கத்துக் கல்லூரியின் தொகையோடு ஒப்பிடவும் இயலாது. விலை பெறுமா என்ற வினாவையே எழவிடாமல் தடுத்தது அப்பெயர். ஆந்திரப் பிரதேசம் 1983இலும், கர்நாடகம் 1984இலும், மகாராஷ்டிரம் 1987இலும், தமிழ்நாடு 1992இலும் கேபிடேஷன் கட்டணத்தைத் தடைசெய்து சட்டம் இயற்றின. அதே காலத்தில்தான் தென்மாநிலங்களிலும் மகாராஷ்டிரத்திலும் சுயநிதிக் கல்லூரிகள் பெருகின.

1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு திட்டத்தை வகுத்தது. தனியார் தொழிற்கல்லூரிகளின் இடங்களில் குறைந்தது பாதி ‘இலவச இடங்கள்’. எஞ்சியவை ‘கட்டண இடங்கள்’. கட்டண இடத்தில் சேர்பவர் இலவச இடத்தில் சேர்பவரின் செலவையும் சுமக்க வேண்டும். நோக்கம் சமத்துவம். ஆனால் இலவச இடங்கள் மதிப்பெண் வரிசைப்படி நிரம்பின. நல்ல பள்ளியும் தனிப்பயிற்சியும் வாய்த்த நகரத்து மாணவரே அவ்வரிசையில் முந்தினர். வசதி குறைந்த கிராமப்புற மாணவர் கட்டண இடத்திற்குத் தள்ளப்பட்டு, வசதியுள்ளவரின் படிப்புக்கும் சேர்த்துப் பணம் செலுத்தும் நிலை உருவாயிற்று. பின்னர் டி.எம்.ஏ. பை அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றமே இம்முரணைச் சுட்டிக்காட்டியது.

2002 அக்டோபர் 31 அன்று வெளியான அத்தீர்ப்பை வழங்கியது பதினொரு நீதிபதிகள் அமர்வு. உன்னிகிருஷ்ணன் திட்டம் கைவிடப்பட்டது. அரசு உதவி பெறாத நிறுவனங்கள் வளர்ச்சிக்கெனத் தக்க அளவு உபரி ஈட்டலாம். கொள்ளை லாபமும் கேபிடேஷன் கட்டணமும் கூடாது. 2003இல் இஸ்லாமிக் அகாதமி தீர்ப்பின்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் மாநிலந்தோறும் கட்டணக் குழுக்கள் அமைந்தன. 2005இன் இனாம்தார் தீர்ப்பு, வெளிநாடுவாழ் இந்தியருக்கு 15 விழுக்காடு வரை இடங்கள் ஒதுக்க இசைந்தது. நன்கொடை இவ்வாறு கட்டணமாயிற்று. பெயர் வெளிப்படையானதால் குடும்பங்களுக்கு ஒரு நன்மை விளைந்தது: குழு நிர்ணயித்த தொகையை அறியவும், அதற்குமேல் கோரப்பட்டால் முறையிடவும் வழி பிறந்தது.

ஆனால் குழுக்கள் ஆராய்ந்தது கல்லூரியின் செலவுக் கணக்கை. ஆசிரியர் ஊதியமும் கட்டடமும் ஆய்வகமும் அக்கணக்கில் உண்டு. அப்பட்டம் மாணவருக்கு என்ன வாழ்வைத் தரும் என்பது அதில் இல்லை. கட்டணம் நியாயமானதா என்பதற்கு நீதிமன்றமும் குழுவும் விடை கூறின. அது பெறுமானமுள்ளதா என்பதைக் குடும்பமே தனித்து முடிவு செய்ய நேர்ந்தது.

2001இல் இந்திய வங்கிகள் சங்கம் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தை வகுத்தபின் மூன்றாம் பெயர் வழக்கிற்கு வந்தது. அன்றைய விதிப்படி 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை தேவைப்படவில்லை; பெற்றோர் இணைக் கடன்தாரராவர்; படிப்பு முடிந்தபின் தவணை தொடங்கும். நிலத்தையோ நகையையோ விற்று முன்கூட்டிச் செலுத்தப்பட்ட நன்கொடை, தந்தையின் கடந்தகாலச் சேமிப்பு. கடனோ மாணவரின் வருங்கால ஊதியத்திலிருந்து கழிக்கப்படுவது. முன்னதில் படிப்பு பயன்தராவிட்டால் சேமிப்பு போயிற்று. பின்னதில் பயன்தராத படிப்புக்கும் தவணை உண்டு. ஆகவே, ஒரே தொகை எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே விலையாவதில்லை. சொத்துள்ள வீட்டில் ஒரு செலவாக முடிவது, முதல் தலைமுறைப் பட்டதாரியின் வீட்டில் அடுத்து எந்த வேலையை ஏற்பது, எப்போது மேற்படிப்புக்குச் செல்வது, தம்பி தங்கையரைப் படிக்கவைக்க முடியுமா என்பன அனைத்தையும் தீர்மானிக்கிறது.

கல்லூரியின் தரத்தை மட்டும் எடைபோடும் ஆய்வுகள் இவ்வேறுபாட்டைக் காணத் தவறிவிடுகின்றன. இலவச இடம், கட்டண இடம், நிர்வாக ஒதுக்கீடு, வெளிநாடுவாழ் இந்தியர் ஒதுக்கீடு எனச் சொற்கள் பெருகிய ஒவ்வொரு கட்டத்திலும், யாருடைய செலவை யார் ஏற்கிறார் என்பது மாற்றி எழுதப்பட்டது. தனியார் கல்லூரி அதன் விலைக்குத் தகுமா என்று கேட்போர், அவ்விலையை யார், எந்த ஆண்டின் வருவாயிலிருந்து செலுத்தப்போகிறார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது. மீரட்டின் தந்தை 1991இல் அக்கணக்கைத்தான் போட்டார். தம்மால் இயலாது என்று கூறினார்.