பாற்பகுப்பும் பொதுவிட உரிமையும்: திருநங்கையர் வரலாறு குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

பேருந்து நிலையம், மருத்துவமனை, பள்ளி, அலுவலகம் ஆகிய பொதுவிடங்களில் ‘ஆண்கள்’, ‘பெண்கள்’ என்னும் இரண்டு பலகைகளைக் காண்கிறோம். பெரும்பாலோர்க்கு அவை வழிகாட்டும் சொற்கள் மட்டுமே. திருநங்கையர்க்கும் திருநம்பியர்க்கும் அவை நாள்தோறும் எதிர்கொள்ள வேண்டிய விசாரணையாக அமைகின்றன. ஆண்கள் கழிப்பறைக்குள் செல்லும் திருநங்கை இழிசொல்லுக்கும் பாலியல் தொல்லைக்கும் உள்ளாகிறார். பெண்கள் கழிப்பறைக்குள் சென்றால் ஐயத்தோடு நோக்கப்பட்டு வெளியேற்றப்படுகிறார். வீடு திரும்பும்வரை நீர் அருந்தாமல் இருப்பதையே பலர் வழக்கமாக்கிக் கொள்கின்றனர். உடலின் மிக எளிய தேவை இவ்வாறு ஒருவரின் கல்வியையும் பணியையும் பயணத்தையும் வரையறுத்துவிடுகிறது.

இச்சிக்கலைக் கட்டட வசதி பற்றிய சிக்கலாகவே பலரும் கருதுவர். ஆயினும் இதன் வேர் வேறோரிடத்தில் உள்ளது. ஒருவருடைய பாலை அறுதியிடுபவர் யார்? உரியவர் தாமா, அவரைப் பார்க்கும் பிறரா? இவ்வினாவிற்குத் தமிழ் இலக்கண மரபும், ஆங்கிலேயர் கால இந்தியச் சட்டமும், விடுதலைக்குப் பிந்தைய நீதிமன்றங்களும் அளித்த விடைகளை ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கண, இலக்கிய மரபு

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம், மக்களை உயர்திணை எனக் கொண்டு ஆண், பெண், பலர் என்னும் மூன்று பாலாகப் பகுக்கிறது. அவ்வியலின் 4ஆம் நூற்பா, ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயரையும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் ஒருசேர வைத்துப் பேசுகிறது. இவ்விரு வகைப் பெயர்களுக்கும் தமக்கெனப் பால் உணர்த்தும் தனி ஈறு இல்லை. அவை உயர்திணைப் பால்களுக்குரிய ஈறுகளைப் பெற்றே வழங்கும் என்பது நூற்பாவின் கருத்தாகும். 12ஆம் நூற்பா மேலும் ஒரு வரையறை தருகிறது. ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர் ஆண்பால் உணர்த்தும் சொல்லோடு பொருந்தி வராது என்பதே அது. இன்று ஒரு திருநங்கையை ‘அவன்’ எனச் சுட்டுவது பண்பற்ற செயல் என்கிறோம். தொல்காப்பியரின் நோக்கில் அது வழுவுமாகும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த நன்னூல் இதனை மற்றொரு கோணத்தில் அணுகுகிறது. பெயரியலின் 264ஆம் நூற்பாவில், பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பால் என்றும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பால் என்றும் பவணந்தியார் வகுக்கிறார். இங்குப் பாலைத் தீர்மானிக்கும் அடிப்படையாக ‘அவாவுதல்’ என்னும் வினை அமைந்திருப்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. அவாவுதல் உரியவரின் உள்ளத்துச் செயல். பிறர் பார்த்துக் கண்டறியும் உறுப்பன்று. ஆயின் அதே நூற்பாவின் இறுதிப் பகுதி, இவ்விரு சாராரும் அஃறிணையைப் போன்று வழங்கப்படுதலும் உண்டு என்கிறது. ஏற்பும் விலக்கும் ஒரே நூற்பாவில் அடுத்தடுத்து நிற்கின்றன.

இலக்கியச் சான்றுகளிலும் இவ்விருமை காணப்படுகிறது. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், நகரத் தெருவில் பேடிக்கோலத்தில் நிகழும் ஆடலை மக்கள் கூடிநின்று காண்கின்றனர். சிலப்பதிகாரம் கூறும் மாதவியின் பதினோராடல்களுள் காமன் ஆடிய பேடும் ஒன்றாகும். மறுபுறம், திருக்குறளின் 727ஆம் குறளில் ‘பேடி’ என்னும் சொல் போர்க்களத்து அச்சத்திற்கு உவமையாகிறது. இச்சொல் பிற்காலப் பேச்சு வழக்கில் கோழைத்தனத்தைக் குறிக்கும் வசைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது.

இலக்கண நூற்பாக்களைக் கொண்டு பண்டைச் சமுதாயம் இவர்களைச் சமமாக நடத்தியது என முடிவுகட்டுதல் பொருந்தாது. சொல்லின் இயல்பை வகுப்பதே இலக்கணத்தின் பணி. எனினும், பாலை இரண்டாக மட்டும் காணாத சிந்தனையும், விழைவை அடிப்படையாகக் கொண்ட பாற்பகுப்பும் தமிழ் மரபுக்குப் புதியனவல்ல என்பதை அவை ஐயமின்றிக் காட்டுகின்றன.

1871ஆம் ஆண்டுச் சட்டமும் பதிவேடும்

ஆங்கிலேய ஆட்சியின்கீழ்ப் பால் என்பது காவல் துறையின் பதிவேட்டிற்குரிய செய்தியாயிற்று. 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடியினர் சட்டம் எனப் பரவலாக அறியப்படும் 27ஆம் சட்டத்தின் இரண்டாம் பகுதி, வட இந்திய ஹிஜ்ராக்களை இலக்காகக் கொண்டது. சிறுவர்களைக் கடத்துதல், விதையறுத்தல், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவுக்குட்பட்ட செயல்கள் ஆகியவற்றில் ஐயத்திற்குரியோர் எனக் கருதப்பட்டோரின் பெயரையும் இருப்பிடத்தையும் பதிவு செய்ய அது வழிவகுத்தது. தாமே ஒப்புக்கொள்வோர், அல்லது மருத்துவ ஆய்வில் ஆண்மையற்றவர் எனத் தெளிவாகத் தோன்றுவோர் என்று அச்சட்டம் இவர்களை வரையறுத்தது.

அச்சட்டத்தின் 26ஆம் பிரிவு நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. பதிவு செய்யப்பட்ட ஒருவர் பெண்ணுடையோ அணிகலனோ அணிந்து பொதுத் தெருவிலோ பொதுவிடத்திலோ தோன்றினாலும், தெருவிலிருந்து பார்ப்போர் கண்ணில் படும் நோக்குடன் வேறிடத்தில் நின்றாலும், பொதுமக்கள் முன்னிலையில் ஆடினாலும் இசைத்தாலும் அவரைப் பிடியாணையின்றிக் கைது செய்யலாம். ஈராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இவர்கள் மகவேற்பு செய்யவும் உயில் எழுதவும் தகுதியற்றோர் ஆயினர். மணிமேகலை காட்டும் தெருவில் பேடிக்கோலம் மக்கள் கூடிக் காணும் ஆடல். 1871இல் தெருவில் தோன்றுவதே குற்றம்.

தொடக்கத்தில் இச்சட்டம் வடமேற்கு மாகாணங்கள், அயோத்தி, பஞ்சாப் ஆகிய பகுதிகளுக்கே உரியதாக இருந்தது. 1911ஆம் ஆண்டில் புதிய சட்டம் வந்தபோது இப்பகுதி நீக்கப்பட்டது. ஆனால் பதிவேட்டின் சிந்தனை அத்துடன் மறையவில்லை. ஐதராபாத் சமஸ்தானம் 1919ஆம் ஆண்டளவில் இதே நோக்கிலான சட்டமொன்றை இயற்றியது. அதனை அரசியலமைப்பிற்கு முரணானது எனத் தெலங்கானா உயர் நீதிமன்றம் நீக்கியது 2023ஆம் ஆண்டில்தான். கர்நாடகத்தில் 2011ஆம் ஆண்டில் காவல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 36அ பிரிவும் இத்தகைய பதிவேட்டிற்கு இடமளித்தது என்பது குறிப்பிடத்தக்கது.

காலனியச் சட்டத்தின் தாக்கம் அது விதித்த தண்டனைகளோடு முடியவில்லை. உடலைச் சோதித்துப் பாலை அறுதியிடும் உரிமை அதிகாரிக்கும் மருத்துவருக்கும் உரியது என்ற கருத்தையும், இவர்கள் பொதுவிடத்தில் தோன்றுவதே ஐயத்திற்குரியது என்ற பார்வையையும் அது வலுப்படுத்தியது. கழிப்பறை வாயிலில் காவலர் எழுப்பும் வினாவில் இவ்விரண்டின் எதிரொலியையும் கேட்கலாம்.

தமிழ்நாட்டின் முயற்சிகளும் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பும்

இருபத்தோராம் நூற்றாண்டில் தமிழ்நாடு இத்துறையில் முன்னோடியாக விளங்கியது. பள்ளி, கல்லூரிச் சேர்க்கையில் பால் அடையாளத்தைக் காரணம் காட்டி இடம் மறுத்தல் கூடாதென 2006ஆம் ஆண்டு டிசம்பரில் அரசாணை வெளியிடப்பட்டது. 2008ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் நல வாரியம் அமைக்கப்பட்டது. ‘அலி’ என்னும் சொல் இகழ்ச்சிப் பொருள் பெற்றிருந்த நிலையில், கூவாகத்துக் கூத்தாண்டவர் விழாவின் அரவான் கதையை ஒட்டி ‘அரவாணி’ என்னும் சொல் வழங்கியது, அதன்பின் மு. கருணாநிதி முதல்வராக இருந்த காலத்தில் ‘திருநங்கை’ என்னும் சொல் அரசு வழக்கிலும் ஊடகத்திலும் நிலைபெற்றது. மதிப்புடைய சொல் கிடைத்ததும் உரிமையாகும் என்பதைத் தமிழாசிரியர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

2014ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்ப்பினை வழங்கியது. நீதியரசர்கள் கே. எஸ். ராதாகிருஷ்ணன், ஏ. கே. சிக்ரி ஆகியோர், ஒருவர் தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையுடையவர் என்றும், அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்குதல் சட்டத்திற்குப் புறம்பானது என்றும் கூறினர். பவணந்தியாரின் ‘அவாவுதல்’ ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னர் அரசியலமைப்பு மொழியில் இடம்பெற்றது எனலாம்.

அத்தீர்ப்பு கழிப்பறையைச் சிறு செய்தியெனத் தள்ளவில்லை. தனி வசதி இன்மையால் ஆண்கள் கழிப்பறையைப் பயன்படுத்தும் நிலைக்குத் தள்ளப்பட்டு, அங்குப் பாலியல் வன்முறைக்கு உள்ளாகும் நிலையைச் சுட்டிக்காட்டியது. மருத்துவமனைகளில் உரிய கவனிப்பும், தனிப் பொதுக்கழிப்பறைகளும் அமைத்துத் தருமாறு அரசுகளுக்கு ஆணையிட்டது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத ‘பிறர்’ என்னும் பகுப்பில் 487,803 பேர் பதிவாகியிருந்தனர் என்பதை எண்ணினால் இவ்வாணையின் தேவை புலனாகும்.

தனியிடமா, உரியவர் தெரிவா?

இத்தீர்ப்பிலேயே ஓர் இழுபறி அடங்கியுள்ளது. தம்மைப் பெண்ணென உணர்பவர் பெண்ணே என்று ஒப்புக்கொண்டால், அவர் செல்ல வேண்டிய இடம் பெண்கள் கழிப்பறையாகும். தனிக்கழிப்பறை அமைத்து அங்கேயே செல்க எனின், ஏற்கப்பட்ட அடையாளம் வாயிலில் மறுக்கப்படுகிறது. நன்னூல் நூற்பாவின் முற்பகுதியும் இறுதிப் பகுதியும் இங்கு மீண்டும் எதிரெதிரே நிற்கின்றன. அதே வேளையில், ஆண் என்றோ பெண் என்றோ தம்மை வகுத்துக்கொள்ள விரும்பாதோர்க்கும், கூட்டத்தின் தொல்லைக்கு அஞ்சுவோர்க்கும் தனியிடம் பாதுகாப்பளிக்கிறது. ஆகவே தனியிடம் தவறன்று. அதனைக் கட்டாயமாக்குதலே தவறு.

2017ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்திய நடுவணரசு, தூய்மை இந்தியா இயக்கத்தின்கீழ் வெளியிட்ட நெறிமுறை இதனை உணர்ந்திருந்தது. மூன்றாம் பாலினத்தவர் பொதுக்கழிப்பறைகளில் ஆண், பெண் பகுதிகளுள் தாம் தெரிவு செய்யும் பகுதியைப் பயன்படுத்த அனுமதிக்கப்பட வேண்டும் என அது கூறியது. ஆனால் 2019ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருவேறு திசைகளில் நடந்தது. பொதுமக்களுக்குரிய வசதிகளில் பாகுபாடு காட்டுதலை அது தடை செய்தது. எனினும் அடையாளச் சான்றிதழ் வழங்கும் பணியை மாவட்ட ஆட்சியரிடம் ஒப்படைத்ததோடு, ஆண் அல்லது பெண் எனப் பதிவை மாற்ற அறுவை சிகிச்சைக்கான மருத்துவச் சான்றையும் கேட்டது. அச்சட்டத்தின்கீழ் வந்த 2020ஆம் ஆண்டு விதிகள், மருத்துவமனைகளில் தனிப் பகுதிகளும் நிறுவனங்களில் தனிக்கழிப்பறைகளும் ஈராண்டுக்குள் அமைய வேண்டும் என்றன.

தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு மே மாதம் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் தொடங்கப்பட்டபோது, அடுத்த மாதமே அது திருநங்கையர்க்கும் விரிவாக்கப்பட்டது. பெண்களுக்கென வகுக்கப்பட்ட ஒரு பொது வசதியைத் திருநங்கையர்க்கும் திறந்துவிட்ட இம்முறை, தனிமைப்படுத்தாமல் சேர்த்துக்கொள்ளும் வழிக்குத் தக்க எடுத்துக்காட்டாகும். ஆயினும் சட்டத்திற்கும் நடைமுறைக்கும் உள்ள இடைவெளி பெரிது. தனியார் பள்ளிகளில் பணி மறுக்கப்பட்ட திருநங்கை ஆசிரியை ஒருவருக்கு இழப்பீடு வழங்க 2025ஆம் ஆண்டு அக்டோபரில் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2019ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டளவில் முடங்கிக் கிடப்பதைக் கடிந்துரைத்தது.

சிங்கப்பூர், மலேசியச் சூழல்

இதே வினா நம் வட்டாரத்திலும் எழுந்துள்ளது. 1971ஆம் ஆண்டு ஜூலையில் சிங்கப்பூர்க் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில், இலங்கையில் பிறந்த தமிழரான பேராசிரியர் எஸ். எஸ். ரத்தினம் தலைமையில் பால்மாற்று அறுவை சிகிச்சை முதன்முறையாக நடைபெற்றது. 1973ஆம் ஆண்டு முதல், அச்சிகிச்சை பெற்றோர் அடையாள அட்டையில் பால் குறிப்பை மாற்றிக்கொள்ள இயன்றது. 1996ஆம் ஆண்டில் மாதர் சாசனம் திருத்தப்பட்டு அவர்தம் திருமணமும் ஏற்கப்பட்டது. மலேசியாவில் 2005ஆம் ஆண்டில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம், சிகிச்சை பெற்ற ஒருவரின் அடையாள அட்டையில் பால் குறிப்பை மாற்ற ஒப்பியது. வேறொரு வழக்கில் உயர் நீதிமன்றம் அளித்த அத்தகைய அனுமதியை 2017ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. சிங்கப்பூரின் முறை பிற நாடுகள் பலவற்றுக்கு முற்பட்டது என்பதில் ஐயமில்லை. எனினும் இவ்விரு நாட்டு நிகழ்வுகளிலும் முதலில் பேசியது மருத்துவச் சான்றே. அறுவை சிகிச்சையை விரும்பாதோர்க்கும், அதற்கு வசதியற்றோர்க்கும் அட்டையிலுள்ள பழைய பாலே வாயில்தோறும் எஞ்சுகிறது.

முடிவுரை

மேற்கண்ட வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. உரியவரின் சொல்லை ஏற்கும்போது பொதுவிடம் திறக்கிறது. பார்ப்பவரின் ஐயத்தை ஏற்கும்போது அது மூடுகிறது. ஆகவே, தமக்குரிய கழிப்பறையைத் தெரிவு செய்யும் உரிமையும், எவரும் பயன்படுத்தத்தக்க, உள்ளே தாழிடக்கூடிய தனியறைகளும் ஒருசேர அமைதலே தகுந்த தீர்வாகும். பின்னது ஊனமுற்றோர்க்கும் முதியோர்க்கும் குழந்தையுடன் வருவோர்க்கும் பயன்படும். அதில் நுழைபவர் யாரென எவரும் கேட்க வேண்டியதில்லை.

தமிழாசிரியர்க்கும் இதில் பணியுண்டு. திணையும் பாலும் கற்பிக்கும் வகுப்பில் கிளவியாக்கத்தின் 4, 12ஆம் நூற்பாக்களைத் தாண்டிச் செல்லாமல் விளக்குதல் வேண்டும். 727ஆம் குறளைக் கற்பிக்கையில் ‘பேடி’ என்னும் சொல்லின் வரலாற்றையும் அது இன்று தரும் வலியையும் எடுத்துரைத்தல் வேண்டும். அவ்வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவருள் ஒருவர், பள்ளி மணி அடிக்கும்வரை நீர் அருந்தாமல் காத்திருப்பவராக இருக்கக்கூடும். அவர் உயர்திணையில் உள்ளவர் என்பதை அவருடைய ஆசிரியர் வாயிலிருந்து அவர் முதலில் கேட்பது நன்று.