'இன்டர்நஷனல்': ஒரு சொல்லின் பிறப்பும் சமூகப் பொருளும்

சொற்கள் சமூக உறவுகளினின்றும் தோன்றுவன. அவ்வுறவுகள் மாறுமிடத்துச் சொற்பொருளும் மாறுகின்றது. தமிழில் நாம் 'சர்வதேச' என வழங்கும் 'இன்டர்நஷனல்' என்னும் ஆங்கிலக் கூட்டுப் பெயரடை இதற்குத் தக்க சான்றாகும்.

இதன் உறுப்புக்கள் இலத்தீன் மூலத்தன. 'இன்ட்டெர்' என்பது 'இடையே' எனப் பொருள்படும். 'நாத்தியோ' என்பது 'பிறத்தல்' என்னும் பொருளுடைய 'நாஸ்கி' என்ற வினையடியாகத் தோன்றி, ஒரே பிறப்புடைய கூட்டத்தைக் குறித்தது. எனினும் உரோமர் தம்மைப் பெரும்பாலும் 'பொப்புலுஸ்' என்றே அழைத்தனர்; 'நாத்தியோ' என்பதை அயற்குடிகளைச் சுட்டவே பெரிதும் வழங்கினர். கி.மு. 56இல் சிசரோ சீரியரையும் யூதரையும் அடிமைத்தனத்துக்கெனப் பிறந்தோர் என இகழ்ந்தபோது கையாண்டதும் இச்சொல்லே. இடைக்காலத்துப் பாரிஸ் பல்கலைக்கழகத்தில், பிறந்த பிரதேசம் பற்றி வகுக்கப்பட்ட நான்கு குழுக்களும் இப்பெயரையே பெற்றிருந்தன. அரசுடைய மக்கட்சமுதாயம் என்ற பொருள் பின்வந்த வளர்ச்சியாகும்.

கூட்டுச்சொல்லை ஆக்கியவர் ஜெரமி பெந்தம். 1780இல் அச்சிடப்பட்டு 1789இல் வெளியான ஒழுக்கமும் சட்டவாக்கமும் பற்றிய தமது நூலில், இது புதுச்சொல் என அவரே ஒப்புக்கொள்கின்றார். 'நாடுகளின் சட்டம்' என்ற பழைய தொடர், ஒரு நாட்டின் உள்நாட்டுச் சட்டத்தையும் குறிப்பதாக மயங்க வைத்தது; 'இடையே' என்னும் உறுப்பு அம்மயக்கத்தைப் போக்கிற்று. ஆனால் பெந்தம் கருதியது இறைமையாளர்க்கிடையிலான உறவையே. வேறுவேறு நாட்டுத் தனிமனிதரிடை எழும் வழக்குகளை அவர் உள்நாட்டுச் சட்டத்துக்கே விட்டார். ஆகவே இறைமை பறிக்கப்பட்ட மக்களுக்கு இவ்வரையறையில் இடமில்லை என்பது கவனிக்கத்தக்கது.

1864 செப்டெம்பர் 28இல் லண்டனிற் கூடிய தொழிலாளர், தமது சங்கத்துக்கு இதே அடைமொழியைச் சூட்டினர். அரசுகளின் உறவைக் குறித்த சொல், அரசதிகாரம் அற்றோரின் ஒருமைப்பாட்டைக் குறிக்கலாயிற்று. 1960 டிசெம்பர் 14இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை குடியேற்ற நாடுகளின் விடுதலை பற்றிய பிரகடனத்தை நிறைவேற்றி, எல்லா மக்களுக்கும் சுயநிர்ணய உரிமை உண்டென அறிவித்தது. பெந்தமின் வரையறைக்கு வெளியே நின்றோர் இவ்வாறு அச்சொல்லின் எல்லைக்குள் நுழைந்தனர்.

நம் மொழிபெயர்ப்புக்களையும் ஈண்டு நோக்குதல் தகும். 'சர்வதேச' என்பது 'எல்லாம்' என்பதையும், 'பன்னாட்டு' என்பது 'பல' என்பதையும் உணர்த்துகின்றன. 'இடையே' என்பது இரண்டிலும் இல்லை. வழக்கில் வேரூன்றிய இச்சொற்களைக் கைவிட வேண்டுமென நாம் கூறவில்லை. ஆயினும் 'சர்வதேச' என்ற பெயரில் ஓர் ஒப்பந்தமோ நிறுவனமோ நம்முன் வருமிடத்து, அது எவர்க்கு இடையிலானது, எவரை வெளியே நிறுத்தியது என வினவுதல் ஆய்வாளர் கடனாகும். மூலச்சொல்லின் வரலாறு நமக்கு உணர்த்துவது அதுவே.