உடைமையிலிருந்து அளவுக்கு: வானலைச் சட்டத்தின் ஒரு மாற்றம்

1930-களில் கொச்சிக் கோட்டைக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையே, நடந்தே கடக்கக்கூடிய தொலைவில் ஓர் அரசியல் எல்லை இருந்தது. கோட்டைப் பகுதி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. மட்டாஞ்சேரி கொச்சி அரசருடையது. 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டமோ பிரித்தானிய இந்தியாவுக்கென இயற்றப்பட்டது. நில எல்லையைச் சார்ந்த சட்டத்துக்கும் அவ்வெல்லையை அறியாத வானலைக்கும் உள்ள முரண் இவ்வூரிலேயே வெளிப்படையாக இருந்தது.

அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவு, உரிமமின்றிக் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதையே தடைசெய்தது. கருவி எவ்வளவு ஆற்றலை உமிழ்கிறது என்பதைவிட, அது யாரிடம் உள்ளது என்பதே சட்டத்தின் கேள்வி. ஆகவே வெறுமனே கேட்பதற்குரிய வானொலிப் பெட்டிக்கும் உரிமம் வேண்டியிருந்தது. எனினும், விலக்களிக்கும் அதிகாரத்தை 4-ஆம் பிரிவு அரசுக்கு வழங்கியிருந்தது.

அமெரிக்கா 1985-இல், 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில அலைவரிசைகளில் பரவல் அலை நுட்பக் கருவிகளை 1 வாட் வரம்புக்குள் உரிமமின்றி இயக்க இசைந்தது. வைஃபை தொழில்நுட்பத்தின் முதல் பொதுத்தரம் 1997-இல் வெளிவந்தது. இந்தியாவில் 2005 ஜனவரியில் வந்த விதிகள், அதே 4-ஆம் பிரிவின் விலக்கதிகாரத்தைக் கொண்டே 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையைத் திறந்துவிட்டன. கருவியின் வெளியீட்டுத் திறன் 1 வாட்டுக்கும், ஆண்டெனா வழி வெளிப்படும் பயனுறு கதிர்வீச்சுத் திறன் 4 வாட்டுக்கும் மிகலாகாது. உடன் வந்த 5 கிகாஹெர்ட்ஸ் விதிகள் 200 மில்லிவாட் வரை, கட்டடத்துக்குள் மட்டுமே இசைவளித்தன. 2018-இல் வெளிப்புறப் பயன்பாட்டுக்கும் வழி திறந்தது.

இவ்வரம்பின் பொருளை மட்டாஞ்சேரி போன்ற நெருக்கமான ஊரில் எளிதில் உணரலாம். தடித்த சுவர்களைக் கொண்ட பழைய பண்டகசாலைகளில் அலை வலுவிழக்கிறது; ரவுட்டரின் திறனைக் கூட்டினால் தீரும் என்று தோன்றும். ஆனால் தொடர்பு இருவழிப்பட்டது: கைப்பேசி அனுப்பும் மறுமொழி அதனால் வலுப்பெறாது, அடுத்த வீட்டின் இணைப்பே இடையூறுறும். 2005 விதிகள் எவருக்கும் தனியுரிமையோ, பிறர் தரும் இடையூறிலிருந்து பாதுகாப்போ அளிக்கவில்லை. அனைவரும் குறைவாக உமிழ்வதால் மட்டுமே அனைவருக்கும் அலை கிடைக்கிறது.

பழைய தந்திச் சட்டங்களின் இடத்தைப் பெற இயற்றப்பட்ட 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், அலைக்கற்றையை மக்கள் சார்பில் மைய அரசின் உடைமை என்கிறது. ஆகவே வீட்டு ரவுட்டருக்கு உள்ள சுதந்திரம் இன்றும் ஓர் அரசு விலக்கே. குடிமக்களின் உரிமையாக அது இன்னும் எழுதப்படவில்லை.