வீடியோ சுவர்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிக் கட்டுப்பாட்டு அறைகளுக்கான தேர்வு

வீடியோ சுவர் என்பது பல திரைகளை விளிம்போடு விளிம்பாகப் பொருத்தி ஒரே பரப்பாக இயக்கும் காட்சி அமைப்பு. அணை, மின் பகிர்மானம், ரயில் இயக்கம், காவல், வனம், பேரிடர் மேலாண்மை ஆகிய துறைகளின் கட்டுப்பாட்டு அறைகளில், பல இடங்களிலிருந்து வரும் கேமராப் படங்களையும் வரைபடங்களையும் அளவீடுகளையும் பலர் சேர்ந்து பார்த்து முடிவெடுக்க இது உதவுகிறது. திரைகள், அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டம், உள்ளே வரும் படங்களைப் பிரித்துப் பங்கிடும் கன்ட்ரோலர், அதை இயக்கும் மென்பொருள், இவற்றுக்குத் தடையில்லா மின்சாரம் தரும் யு.பி.எஸ். எல்லாம் சேர்ந்ததுதான் இந்த அமைப்பு. வாங்கும் நிறுவனங்களில் பேச்சு பெரும்பாலும் திரையிலேயே தொடங்கி, எத்தனை அங்குலம், எந்த நிறுவனத் தயாரிப்பு என்பதிலேயே முடிந்துவிடுகிறது. கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில், தமிழ்நாட்டை ஒட்டிய மலையோரப் பகுதிகளில், இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். அந்த அறையில் எடுக்க வேண்டிய முடிவு எது என்பது முதல் கேள்வி. அந்த முடிவுக்கான தகவல் எந்த வழியாக வந்து சேரும் என்பது இரண்டாவது. யார், எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்பது மூன்றாவது. திரையின் வகையைப் பற்றிய கேள்வி கடைசியில்தான் வரவேண்டும். இப்படிச் சொல்வதற்கான சான்றுகள் இந்த மலைகளிலேயே இருக்கின்றன.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அருகே ராஜமலையின் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்ட லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) மூடியது. 70 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். தொடர்மழையில் மின்சாரமும் செல்பேசித் தொடர்பும் அறுந்துபோயிருந்ததால், நடந்தது என்னவென்று வெளியே தெரிந்தது மறுநாள் காலையில்தான். பெரியவரை பாலம் சேதமடைந்திருந்ததால் மீட்பு வண்டிகள் போய்ச் சேரவும் தாமதமானது. அந்த இரவில் மாவட்டத் தலைமையிடத்தில் எவ்வளவு பெரிய சுவர் இருந்திருந்தாலும் பெட்டிமுடியைப் பற்றி அது எதையும் காட்டியிருக்காது. காட்டும் கருவி அங்கே குறையாக இருக்கவில்லை. காட்டுவதற்கான செய்தி புறப்படவே வழியில்லாமல் இருந்தது. சூரிய மின்தகடும் பேட்டரியும் கொண்ட மழைமானிகள், தோட்டங்களில் வயர்லெஸ் கருவிகள், இரண்டு வேறு நிறுவனங்களின் ஒளியிழை இணைப்பு, அவையும் போனால் செயற்கைக்கோள் தொலைபேசி ஆகியவற்றுக்கு ஒதுக்கும் பணத்தைச் சுவரின் செலவாகவே கருத வேண்டும். இந்தப் பகுதியில் அவற்றை வேறொரு திட்டத்துக்குத் தள்ளிவிட்டு திரையை மட்டும் வாங்குவது பெரும் பிழை.

தகவல் வந்து சேர்ந்த பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது: அதைக் கண் பார்க்குமா? இதற்கு வாளையார்ப் பகுதி நல்ல சான்று. கோயம்புத்தூரையும் பாலக்காட்டையும் இணைக்கும் ரயில் பாதை இங்கே ஏ, பி என்று இரு தடங்களாகக் காட்டுக்குள் போகிறது. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்தன. அதன் பின் தமிழ்நாடு வனத்துறை, மதுக்கரை வனச்சரகத்தில் 12 கோபுரங்களில் வெப்பப்படக் கேமராக்களையும் சாதாரணக் கேமராக்களையும் பொருத்தி, செயற்கை நுண்ணறிவால் இயங்கும் கண்காணிப்பை 2024 பிப்ரவரியில் தொடங்கியது. தண்டவாளத்திலிருந்து 150, 100, 50 அடி என மூன்று எல்லைகள் வகுத்து, யானை எந்த எல்லைக்குள் வருகிறதோ அதற்கேற்ற எச்சரிக்கை எழுகிறது. வனப் பணியாளர்களுக்கும் ரயில்வேக்கும் செய்தி நேரடியாகப் போகிறது. இடைவிடாமல் காக்கும் வேலை இங்கே மென்பொருளுடையது. அறையில் இருப்பவர் செய்ய வேண்டியது வந்த எச்சரிக்கையைப் படத்தோடு ஒப்பிட்டு உறுதிசெய்வதும், யாரை எங்கே அனுப்புவது என்று முடிவெடுப்பதும்தான். இருபது சிறு கட்டங்களில் ஓடும் படங்களை எந்த மனிதரும் இரவு முழுக்கக் கூர்ந்து பார்க்க முடியாது. ஆகவே ஒரு நிறுவனம் கேட்க வேண்டிய முதல் தொழில்நுட்பத் தகுதி, எச்சரிக்கை எழுந்த நொடியில் அந்தக் கேமராவின் படம் தானாகப் பெரிதாகி, பக்கத்திலேயே வரைபடத்தில் இடம் காட்டி, மற்றவை பின்னால் ஒதுங்க வேண்டும் என்பது. இது கன்ட்ரோலர் மென்பொருளின் வேலை. திரை எத்தனை கூர்மையானதாக இருந்தாலும் இந்த ஒரு வசதி இல்லாவிட்டால் அது வெறும் ஒளிப்பரப்பு.

எல்லைப் பகுதி என்பதால் இன்னொரு தேவையும் சேர்கிறது. சமவெளி நகரங்களுக்கு எழுதப்பட்ட ஒப்பந்தப்புள்ளி மாதிரிகளில் அது அரிதாகவே இருக்கும். பரம்பிக்குளம் அணை பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது, இயக்குவது தமிழ்நாடு. முல்லைப் பெரியாறு அணை இடுக்கியில் இருக்கிறது. அதையும் தமிழ்நாட்டின் நீர்வளத் துறையே இயக்குகிறது. அங்கே 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பர் 21 அதிகாலையில் பரம்பிக்குளத்தின் மதகுகளில் ஒன்று கட்டுவிட்டுப் போய், நொடிக்கு ஏறக்குறைய 20,000 கன அடி வீதம் தண்ணீர் சாலக்குடி ஆற்றுப் பக்கம் பாய்ந்தது. எச்சரிக்கப்பட வேண்டிய மக்கள் கேரளத்தில். மதகருகே நின்ற பொறியாளர்கள் தமிழ்நாட்டு ஊழியர்கள். கேரள அதிகாரி ஒருவருக்கு உடனே வேண்டிய நீர் அளவீடு, வேறொரு அரசின் அலுவலகத்தில் பிறக்கிறது. ஆகவே இங்கே வாங்கும் கன்ட்ரோலர், எந்த நிறுவனத்தின் கேமராவாக இருந்தாலும் பொதுத் தரத்தில் வரும் படத்தையும், சாதாரண இணையப் பக்கத்தில் வரும் அளவீட்டையும் ஏற்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் கருவிகளோடு மட்டும் பேசும் மூடிய அமைப்பு, எல்லைக்கு அப்பால் வேறு கருவி இருக்கும் நாளிலேயே பயனற்றுப் போகும். அதே வேளையில், மதகையும் மின்னாக்கியையும் இயக்கும் வலையமைப்பைச் சுவரோடு நேராக இணைக்கக் கூடாது. தகவல் வெளியே மட்டும் போகும், உள்ளே எதுவும் நுழையாத ஒருவழி வாயில் கட்டாயம். மூலமட்டத்தில் பூமிக்கடியில் 780 மெகாவாட் திறனோடு இயங்கும் நிலையம் போன்ற இடத்தில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அடுத்தது தூரம். கட்டுப்பாட்டு அறை வடிவமைப்பில் எழுத்தின் உயரம் கண்ணில் ஏறக்குறைய 20 கோண நிமிடங்களாக (ஆர்க் மினிட்) தெரிய வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்படும் அளவு. 6 மீட்டர் தூரத்தில் உட்கார்ந்தவருக்கு அது 35 மில்லிமீட்டர். 55 அங்குலத் திரைகளை மூன்று பத்தி, இரண்டு வரிசையாக அடுக்கினால் கிடைக்கும் உயரம் ஏறத்தாழ 1.36 மீட்டர், வரி இடைவெளியோடு கணக்கிட்டால் அதில் 26 வரிதான் படிக்கும்படி அமையும். இந்த அளவு ரோமன் எழுத்தை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது. மேலும் கீழும் வளைவும் சுழியும் கொண்ட தமிழ், மலையாள எழுத்துகளுக்கு இன்னும் தாராளமாக இடம் விட வேண்டும் என்பது என் கருத்து. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்களில் இரு மொழிகளும் அன்றாடப் புழக்கத்தில் இருப்பதால், ஊர்ப்பெயர்களும் எச்சரிக்கைகளும் இரண்டிலும் பிழையின்றித் தெரிகின்றனவா என்று வாங்கும் முன்பே திரையில் பார்த்துவிட வேண்டும். படப்புள்ளி இடைவெளிக்கும் ஒரு கணக்கு உண்டு. 55 அங்குல முழு எச்.டி. திரையில் அது 0.63 மில்லிமீட்டர், சராசரிக் கண்ணுக்கு 2.2 மீட்டருக்கு அப்பால் புள்ளிகள் தனித்துத் தெரியாது. 1.25 மில்லிமீட்டர் எல்.இ.டி. சுவருக்கு அந்தத் தூரம் 4.3 மீட்டர். முன்வரிசை 3 மீட்டரில் இருக்கும் சிறிய அறையில், விலை கூடிய அந்த எல்.இ.டி. சுவர் எல்.சி.டி.யைவிடக் கரடுமுரடாகவே தெரியும்.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை கிடைத்த பிறகே திரை வகையைத் தேர்வது பொருள்படும். குறுகிய விளிம்பு எல்.சி.டி. விலை குறைவு, கூர்மை அதிகம். ஆனால் திரைகளுக்கிடையே கோடு தெரியும், அசையாத வரைபடம் நாள்கணக்கில் நின்றால் அதன் நிழல் பதியும். பின்னாலிருந்து ஒளி பாய்ச்சும் டி.எல்.பி. பெட்டிகளில் அந்தப் பதிவுச் சிக்கல் இல்லை. ஆனால் ஆழமும் பின்பக்கம் ஆள் நிற்க இடமும் கேட்கும். எல்.இ.டி. சுவரில் கோடே தெரியாது. கெட்ட பகுதியை மட்டும் முன்பக்கமாகவே கழற்றி மாற்றலாம். உள்ளூர்த் தட்பவெப்பம் இந்தச் சமன்பாட்டை மாற்றுகிறது. பாலக்காட்டில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. பெரும்பாலான திரைகளின் இயங்கு வரம்பும் 40தான். ஏ.சி. நின்றால் திரையும் நிற்கும் என்பதால், ஜெனரேட்டர் கணக்கில் ஏ.சி.யையும் சேர்க்க வேண்டும். இடுக்கியின் மூணாறு, பைனாவு பக்கம் தொல்லை வெயிலல்ல, ஈரம். பருவமழைக் காலத்தில் நாள்கணக்கில் அணைத்து வைத்த எல்.இ.டி. தகடுகள் ஈரத்தை உறிஞ்சும். பிறகு முழு வெளிச்சத்தில் ஏற்றினால் புள்ளிகள் செத்துப்போகும். அவற்றைத் தினமும் சற்று நேரமாவது இயக்க வேண்டும், நீண்ட ஓய்வுக்குப் பின் வெளிச்சத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும்.

இத்தனை ஆராய்ச்சி தேவையா, வீட்டு டி.வி.க்களை வாங்கி மாட்டிவிட்டால் விலை பாதியாகுமே என்ற வாதம் அடிக்கடி எழுகிறது. வீட்டு டி.வி. நாள் முழுவதும் ஓடும்படி செய்யப்பட்டதல்ல. வணிகப் பயன்பாட்டுக்கு அதன் உத்தரவாதமும் பொதுவாகச் செல்லாது. ஆனால் இந்த வாதத்துக்குள் ஓர் உண்மை இருக்கிறது, அதை மறுக்கக் கூடாது: பல அலுவலகங்களுக்குச் சுவரே வேண்டியதில்லை. முழு எச்.டி. திரைகள் நான்கைச் சேர்த்தால் கிடைக்கும் படப்புள்ளிகள், ஒரே ஒரு 4கே திரையில் இருப்பதற்குச் சமம். மூன்று பேர் உட்காரும் வட்ட அலுவலகம், தோட்ட நிர்வாக அலுவலகம், சிறு வனச்சரகம் போன்ற இடங்களுக்கு, இருபத்துநான்கு மணி நேரமும் ஓடத்தக்க 86 அல்லது 98 அங்குல வணிகத் திரை ஒன்று போதும். கன்ட்ரோலர் செலவும் மிச்சம், கோடும் இல்லை. மிச்சப்படும் பணம் மழைமானிக்குப் போகட்டும். எல்லோர் கையிலும் செல்பேசி இருக்கும்போது பொதுத் திரை எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. எச்சரிக்கையைக் கொண்டுசேர்க்கச் செல்பேசி போதும். ஆனால் 2018 ஆகஸ்டில் இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டபோது நேர்ந்தது போல, நீர்மட்டம், மதகுத் திறப்பு, கீழே உள்ள பாலம், சாலைகளின் நிலை ஆகியவற்றை மின்வாரியம், காவல், வருவாய்த் துறை அதிகாரிகள் ஒருங்கே எடைபோட வேண்டிய வேளையில், எல்லோரும் ஒரே எண்ணைப் பார்க்கிறார்கள் என்ற உறுதி தேவை. ஆளுக்கொரு கைத்திரையில் ஆளுக்கொரு நேரத்து எண் நிற்கும்போது முடிவு தடுமாறும்.

எல்.இ.டி. ஒரு லட்சம் மணி நேரம் உழைக்கும், ஆகவே கூடுதல் விலை நியாயமே என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. அந்த எண் பெரும்பாலும் வெளிச்சம் பாதியாகக் குறையும் வரையிலான கணக்கு. ஏறத்தாழ பதினொன்றரை ஆண்டு. அதற்கு வெகுமுன்பே மின்வழங்கிகளும் கன்ட்ரோலரின் இயங்குதளமும் காலாவதியாகிவிடும். அதனால் விலையை ஒப்பிடும்போது ஐந்தாண்டுப் பராமரிப்பையும் அதே ஒப்பந்தப்புள்ளியில் சேர்த்துக் கேட்பதே முறை. பழுது பார்ப்பவர் கொச்சியிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வர வேண்டும். பாலக்காட்டுக்கு அது எளிது, இடுக்கி மலைப்பாதை மழையில் அடைபட்டால் நாள்கள் ஆகும். எனவே ஒரே உற்பத்தித் தொகுதியைச் சேர்ந்த உதிரித் தகடுகளும் ஒரு மாற்றுக் கன்ட்ரோலரும் அறையிலேயே இருக்க வேண்டும். வேறு தொகுதித் தகடு நிறத்தில் ஒட்டாது.

தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் கேரளத்தை எட்டும். சுவரை ஏற்றுக்கொள்ளும் சோதனையை மே மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். விற்பவர் கொண்டுவரும் பளபளப்பான மாதிரிப் படத்தை வைத்து அதைச் செய்யக் கூடாது. அறையின் மின்சாரத்தைத் துண்டித்து, ஒரு ஒளியிழை இணைப்பையும் கழற்றிவிட்டு, வெளியே ஒரு மழைமானியிலிருந்து பொய் எச்சரிக்கை ஒன்றை அனுப்பிப் பாருங்கள். அந்த எச்சரிக்கை திரையில் பெரிதாக எழுந்தால் பணத்தைக் கொடுங்கள். இந்தச் சோதனைக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுப்பவரிடம் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.