பொட்டல், கண்மாய், சைக்கிள்: சில குறிப்புகள்

புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்ட கதை நம்மில் பலருக்கும் தெரியும். 1991இல் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதோடு சைக்கிளையும் சேர்த்தார். 1992 மகளிர் வாரத்தில், கைப்பிடியில் கொடி கட்டிக்கொண்டு மணியடித்தபடி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் நகரத்தின் சாலைகளில் ஊர்வலம் போனார்கள். பி. சாய்நாத் தரும் கணக்குப்படி சைக்கிள் கற்றவர்கள் லட்சத்துக்கும் மேல். பத்து வயதுக்குக் குறைந்த சிறுமிகளை விட்டுவிட்டுப் பார்த்தால் மாவட்டத்தின் கிராமப்புறப் பெண்களில் நாலில் ஒரு பங்குக்கும் அதிகம். கூலிவேலை செய்பவர்கள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம செவிலியர்கள், பட்டை தீட்டுபவர்கள், ஆசிரியைகள் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள்.

இந்தக் கதையில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. கதை எப்போதும் சாலையில் நடக்கிறது. ஊர்வலம், சாலை, மக்கள் பார்வை. புகைப்படங்களும் அப்படித்தான். ஆனால் சைக்கிள் சாலையில் கற்றுக்கொள்ளும் பொருள் அல்ல. விழ வேண்டும். விழுகிறபோது லாரி வரக்கூடாது. அதைவிட முக்கியமாக, டீக்கடை பெஞ்சில் நாலு ஆம்பளைகள் உட்கார்ந்திருக்கக் கூடாது.

என் பெரியம்மா கற்றுக்கொண்டது வற்றிய கண்மாய்க்குள். அப்போது எனக்கு மூன்று வயது, எதுவும் ஞாபகமில்லை. அவர் சொல்லித்தான் தெரியும். "பங்குனி மாசம், கண்மாய் பொட்டலாக் கெடக்கு. தரை சிமிண்டு போட்ட மாதிரி இறுகிப் போயிருக்கும். எங்கிட்டு வேணாலும் திருப்பலாம். விழுந்தா பாக்குறதுக்கு ஆடுதான் இருக்கும்." வாடகை சைக்கிள், அதுவும் ஆம்பளை சைக்கிள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல். பிறகு கம்பிக்கு மேல். கண்மாய்க்குள் பழகி, கரையேறி, கடைசியில்தான் சாலை.

இந்த மாவட்டத்தில் கண்மாய்களும் ஏரிகளும் குளங்களுமாக ஐயாயிரத்துக்கும் மேல் உண்டு. வற்றாத ஆறு கிடையாது. வானம் பார்த்த பூமி. கண்மாய்க்கு மேற்பக்கம் தண்ணீரை வடியவிடுகிற மேட்டு நிலம், நம் ஆட்கள் பொட்டல் என்றும் தரிசு என்றும் சொல்வது. கீழ்ப்பக்கம் வயல். நடுவில் வளைந்து கிடக்கிற கரை. வாகனம் வராத பாதை என்று ஒன்று எங்கள் பக்கம் இருந்தது என்றால் அது இந்தக் கரைதான். ஒரு முனையிலிருந்து மறுமுனைக் கலிங்கு வரைக்கும் மாட்டு வண்டியைத் தவிர எதுவும் வராது.

பெரியம்மாவும் இன்னும் மூன்று பேரும் தினமும் சாயங்காலம் இந்தக் கரையைச் சுற்றியிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டேன். கடைக்கா, ரேஷனுக்கா, தண்ணி எடுக்கவா? "ஒண்ணுக்கும் இல்லப்பா. சும்மாதான்" என்றார். கொஞ்சம் வெட்கப்பட்டார் என்று நினைக்கிறேன். ஏதோ திருட்டை ஒத்துக்கொள்வது போல இருந்தது அந்தச் 'சும்மா'.

நம் வரலாற்றெழுத்து தவறவிட்டது இந்தச் 'சும்மா'வைத்தான். வளர்ச்சி பற்றிய சொல்லாடல் பெண்ணின் சைக்கிளுக்கு எப்போதும் ஒரு வேலையைக் கொடுத்துவிடுகிறது. குடம் கட்டிப் போனாள், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோனாள், பிள்ளையைப் பள்ளியில் விட்டாள், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமாயிற்று. எல்லாம் உண்மை. மறுக்கவில்லை. ஆனால் பெண் வீட்டை விட்டு வெளியேற ஒரு 'சோலி' இருந்தாக வேண்டும் என்பதுதானே ஆணாதிக்கத்தின் பழைய சட்டம்? பயனைக் கணக்குப் போட்டுச் சைக்கிளை நியாயப்படுத்துகிறவர்கள் அதே சட்டத்தைத்தான் வேறு மொழியில் திருப்பிச் சொல்கிறார்கள். 2000களில் பள்ளி மாணவிகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளும் பள்ளிக்குப் போய்வர என்றுதான் கொடுக்கப்பட்டது. கண்மாயைச் சுற்றிவர என்று எந்த அரசாணையும் சைக்கிள் தராது.

சாய்நாத்தை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அவர் இந்த இடத்தில் கவனமாக இருந்தார். வாங்குவதற்குப் பணமில்லாமல் (அன்றைக்கு விலை 1,200 ரூபாய்க்கு மேல்) தினம் சாயங்காலம் அரைமணி நேரம் வாடகைக்கு எடுத்து ஓட்டிய ஒரு பள்ளி ஆசிரியையை அவர் சந்தித்திருக்கிறார். அவருக்குச் சைக்கிளால் காசு வரவில்லை, காசு போயிற்று. பொருளாதாரப் பலனை மட்டும் பார்த்தால் இந்த இயக்கம் புரியாது என்று அந்த ஆசிரியையை வைத்தே சாய்நாத் காட்டுகிறார். அவரை மேற்கோள் காட்டுகிற நம் ஆட்கள்தான் அந்த அரைமணி நேரத்தை விட்டுவிட்டுப் புள்ளிவிவரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

சும்மா ஓட்டுவதற்கு இடம் வேண்டும். அந்த இடம் யாருடையது?

இங்கிலாந்தில் இந்தக் கேள்வி வேறு விதமாக எழுந்தது. 1894இல் பர்மிங்ஹாமில் தொடங்கிய கிளாரியன் சைக்கிள் சங்கம் சோஷலிஸ்டுகளின் சங்கம். ஞாயிற்றுக்கிழமை ஆலைப் புகையை விட்டு வெளியே போவதும், போகிற இடத்தில் பத்திரிகை விற்பதும் அவர்களுக்கு ஒரே வேலையாக இருந்தது. ஆனால் மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவில் கிடக்கிற உயர்ந்த பொட்டல் நிலம் சீமான்கள் பறவை சுடுவதற்காக அடைக்கப்பட்டிருந்தது. 1932 ஏப்ரலில் கிண்டர் ஸ்கௌட் மேட்டில் தொழிலாளர்கள் கூட்டமாக அத்துமீறி நுழைந்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமை 1968 சட்டத்தில்தான் வந்தது. அதே மேட்டுக்குப் பக்கத்தில், நகரங்களுக்குக் குடிநீர் தேக்குவதற்காக 1940களில் டெர்வென்ட், ஆஷப்டன் என்ற இரண்டு கிராமங்கள் மூழ்கடிக்கப்பட்டன. இன்றைக்கு அந்த நீர்த்தேக்கங்களைச் சுற்றித்தான் குடும்பம் குடும்பமாகச் சைக்கிள் ஓட்டுகிறார்கள். அந்த அமைதி இயற்கை கொடுத்தது அல்ல. ஆட்களை வெளியேற்றி உண்டாக்கியதும் அதில் இருக்கிறது, போராடித் திரும்பப் பிடித்ததும் இருக்கிறது.

எங்கள் பொட்டலும் யாருமற்ற வெளியாக இருந்ததில்லை. ஆடு மேய்ந்தது, விறகு பொறுக்கினார்கள். ஆவணத்தில் அதற்குப் பெயர் புறம்போக்கு. பெயரிலேயே 'புறம்' இருப்பதால் அதிகாரத்தின் கண் அங்கே அதிகம் படவில்லை. பெண்கள் விழுந்து எழுந்து கற்க அந்தக் கவனமின்மையே உதவியது என்பது என் எண்ணம். ஆனால் கவனமில்லாத இடத்தை எடுத்துக்கொள்வதும் சுலபம். 1974இல் வந்த வனத்தோட்டக் கழகம் காகித ஆலைகளுக்காக இந்த மேட்டு நிலங்களில் தைலமரத்தைப் பரப்பியது. தைலமரக் காட்டுக்குள் மழைநீரை மறிக்கிற வரப்புகளால் கண்மாய்க்கு வரத்து இல்லாமல் போனது என்று விவசாயிகள் வெகுகாலமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் இப்போது சீமைக்கருவேலம். பெரியம்மா விழுந்து பழகிய தரையில் ஆடுகூட நுழைய முடியாது.

சென்ற ஆண்டு சித்தன்னவாசல் பக்கம் ஒரு சைக்கிள் கூட்டத்தைப் பார்த்தேன். தலைக்கவசம், கண்ணாடி, உடம்போடு ஒட்டிய பளபளச் சட்டை. திருச்சியிலிருந்து வருகிறார்களாம், வாகனம் இல்லாத பாதை எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். கண்மாய்க் கரையைக் காட்டினேன். அவர்களைக் கேலி செய்யும் எண்ணம் எனக்கில்லை. அவர்களும் சும்மாதான் ஓட்டுகிறார்கள். ஆனால் அவர்களுடைய 'சும்மா' வெட்கப்பட வேண்டியதில்லை. அதற்குக் கடையில் தனியாகச் சட்டையே விற்கிறது.

இதை எழுதுவதற்கு முன் பெரியம்மாவிடம் மறுபடி போனேன். கரையில் எது வரைக்கும் போவீர்கள் என்று கேட்டேன். கலிங்கு வரைக்கும் என்றார். அப்புறம்? "அங்கிட்டு அவுக ஆளுக கரை. நம்ம போறதில்ல." சேரிப் பெண்களும் அதே வருஷம்தான் கற்றுக்கொண்டார்களாம், அதே வாடகைக் கடை சைக்கிளில். அவர்கள் இந்தப் பக்கம் வரமாட்டார்கள். தெருவுக்குள் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், அது அவருக்கு அன்றைக்கு விசித்திரமாகத் தெரியவில்லை. எனக்கும், நான் கேட்டிருக்காவிட்டால், தெரிந்திருக்காது. ஒரே கண்மாய், நடுவில் தரை முழுக்கக் காய்ந்து கிடக்கிறது, எங்கிட்டு வேணாலும் திருப்பலாம் என்கிறார். கலிங்கிலிருந்து திரும்பி வந்திருக்கிறார்கள்.

"அவுக எங்க சுத்துனாக?" என்று கேட்டேன். "தெரியலப்பா. அங்கிட்டுத்தான் போயிக் கேக்கணும்" என்றார். நான் இன்னும் போகவில்லை.